ஃபிங்கர்போஸ்ட் பக்கம்

ஊட்டியில் ஏழு வருடங்கள் நான் என் வீட்டு முகவரியை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. "வீடு எங்கே?" என்று யாராவது கேட்டால் "ஃபிங்கர்போஸ்ட் பக்கம்" என்பேன். ஃபிங்கர்போஸ்டிலிருந்து காந்தலில் இருக்கும் எங்கள் தெருவுக்கு நடந்தே வந்துவிடலாம், ஆகையால் யாரும் என்னைப் பொய்க்காரி என்று பிடித்துவிட முடியாது. ஃபிங்கர்போஸ்ட் என்றால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். காந்தல் என்றால் ஒரு நொடி நிறுத்துவார். "ஓ, காந்தலா?" அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் ஏழு வருடம்.

ஊட்டிக்கு வெளியே இருப்பவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஊட்டி முழுவதும் ஒரே இடம்: ஏரி, பூங்கா, மலை ரயில், சாக்லேட். சத்தியமங்கலத்தில் இருக்கும் என் சித்தி இன்றுவரை, "உனக்கென்ன, வருடம் முழுக்க ஏசி" என்கிறார். ஒரு ஜனவரியில் அவரை வந்து தங்கச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்ற ஸ்கூட்டரின் சீட் மேல் கல் உப்பைப் பரப்பி வைத்ததுபோல உறைபனி படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கீழே போக முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காந்தல் பள்ளத்தில் இருக்கிறது. குளிரும் மழைத்தண்ணீரும் உருண்டு வந்து எங்களிடம்தான் தேங்கும். நாளிதழில் உறைபனிச் செய்தி வரும்போது தலைகுந்தாவோடு சேர்த்து எங்கள் பெயரையும் போடுவார்கள். வருடத்தில் எங்கள் ஏரியா நல்ல விதமாகப் பேப்பரில் வருவது அநேகமாக அந்த ஒரு முறைதான். வெள்ளைப் புல்வெளியின் படம் இருக்கும். தகரக் கூரைக்கு உள்ளே நடப்பது படத்தில் வராது. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு தகரத்தின் உட்புறத்தில் நீராகப் படிந்து கிடந்து, எட்டு மணி வெயில் பட்டதும் சொட்டுச் சொட்டாக எங்கள் தலையிலேயே விழும். எங்கள் மூச்சுக்கு நாங்களே நனைகிறோம்.

நான் டவுனில் ஒரு லாட்ஜில் வரவேற்பறையில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம், மாதச் சம்பளம் அங்கேதான் வருகிறது. போன வருடம் மே மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டிக்குக் காந்தல் குருசடிக்குப் போக வேண்டும் என்று நேர்த்திக்கடன். எங்கெங்கோ இருந்தெல்லாம் மக்கள் தேடிவரும் கோயில் அது. அதிலும் மே மாதத் திருவிழாவின்போது எங்கள் தெருவில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போகக்கூட இடம் இருக்காது. அந்த வீட்டு மருமகன் என் பக்கத்தில் இருந்த பையனிடம் வழி கேட்டார். பையன் வழியை ஒழுங்காகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அந்த ஏரியா அவ்வளவு சரியில்லை" என்றான்.

நான் அப்போது சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தியிரண்டு சாவி. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பையனுக்கு நான் ஃபிங்கர்போஸ்ட் பக்கம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

சரியில்லை என்பதில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசியில், "ஆனால் எங்கள் மக்களின் மனசு தங்கம்" என்று முடிப்பார்கள். படிக்கும்போது எனக்குப் பல் கூசும். எங்கள் தெருவில் தங்கமும் உண்டு, தகரமும் உண்டு. சனிக்கிழமை இரவு இரண்டு வீடுகளில் பாத்திரம் பறக்கும். அதில் ஒரு வீட்டுப் பெண் மறுநாள் காலை குழாயடியில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்பார், நாங்கள் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். என் தம்பியோடு படித்த ஒருவன் கஞ்சா வழக்கில் உள்ளே போய்விட்டு வந்தான். வந்த பிறகு அவனுக்கு வேலை கொடுக்க ஆளில்லை, ஆகவே மறுபடியும் போனான். இவை நடக்காத இடம் ஊட்டியில் எது என்று கேட்கலாம். கேட்டிருக்கிறேன். மேட்டில், வேலி போட்ட பங்களாவில் பாத்திரம் பறந்தால் சத்தம் தெருவுக்கு வராது. எங்களுக்கு ஒரே சுவரில் இரண்டு குடும்பம்.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் காந்தல் முக்கோணத்தில் வந்து நின்று பாருங்கள். இருபது வயதுப் பையன்கள் பத்துப் பேராவது கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கண் சிவந்திருக்கும். பேச்சில் சத்தம் அதிகம் இருக்கும். காரில் கடந்து போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். 'வேலை வெட்டி இல்லாமல்' என்ற சொல் அந்தக் கண்ணாடிக்குள் உருவாவதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே வேறு ஊர்களில் வேறு பையன்களைப் பார்த்து அப்படி நினைத்திருக்கிறேன்.

அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் அன்றைக்கு எட்டு மணி நேர வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேரட் வேலை. என் தம்பிக்கும் அதுதான். இரவு ஒன்றரை மணிக்குப் பிக்அப் வண்டி வந்து முனையில் நின்று ஒரே ஒரு ஹாரன் அடிக்கும். தம்பி இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு மழைக்கோட்டு, தலையில் டார்ச் என்று ஏறிக்கொள்வான். முத்தோரை பாலாடா, கேத்தி பாலாடா என்று அன்றைக்கு எந்தத் தோட்டம் சொல்கிறார்களோ அங்கே. நீர்ப்பனியில் ஊறிய மண்ணில் கை விட்டுக் கேரட்டைப் பிடுங்கி, இலையை ஒடித்து, மூட்டை கட்டி, கழுவுகிற மெஷினுக்குக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவியதை மறுபடி மூட்டை பிடித்து லாரியில் ஏற்ற வேண்டும். லாரி விடிந்த கையோடு மேட்டுப்பாளையம் மண்டியில் நின்றால்தான் விலை. நேரம் தவறினால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான். தோட்டத்து வழியில் காட்டுமாடு நிற்கும், கரடி நிற்கும். ஒரு முறை சிறுத்தையைப் பார்த்ததாகத் தம்பி சொன்னான். அம்மா நம்பவில்லை, நான் நம்பினேன், ஏனென்றால் அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கூலி பரவாயில்லை, கையில் உடனே கிடைக்கும். அதனால் பையன்கள் பத்தாம் வகுப்போடு அதில் போய் விழுகிறார்கள். இது எனக்கு வருத்தம்தான். முப்பத்தைந்து வயதில் இடுப்பு போய்விடும். காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்றால் உடனே தூக்கம் வராது, உடம்பு அனலாக இருக்கும், ஆகவே முக்கோணத்துக்குப் போய் உட்காருகிறார்கள். சிலர் அங்கிருந்து நேராக மதுக்கடைக்குப் போகிறார்கள், அதையும் மறைக்கவில்லை. சென்னையில் நீங்கள் சாம்பாரில் போடும் ஊட்டி கேரட்டை இரவு இரண்டு மணிக்குப் பிடுங்கிய கை, மதியம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கார்க் கண்ணாடிக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒரு நொடி நிறுத்தம் எப்போது வந்தது என்று யோசித்திருக்கிறேன். என் சின்ன வயதில் இது இவ்வளவு இல்லை. அப்பா எச்.பி.எஃப்-இல் இருந்தார். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு ஆலை. இந்தியாவின் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் எடுத்த எக்ஸ்ரே எங்கள் ஊர் பிலிமில் விழுந்ததுதான். அப்பாவுக்கு வேலை இருட்டறையில். பிலிமில் வெளிச்சம் படக் கூடாது, ஆகவே கும்மிருட்டில் ஷிப்ட் முழுக்க நடமாட வேண்டும். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவர்த்தியைத் தேடித் தட்டுத்தடுமாறும்போது, அப்பா மட்டும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சிக் கொண்டுவருவார். ஒரு சொட்டுச் சிந்தாது. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக் கொடியில் கம்பெனிச் சீருடை காயும். பொங்கலுக்குத் தச்சர், பெயின்டர், துணிக்கடைக்காரர் எல்லாரும் காந்தலுக்குள் வந்து கடன் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடன் கொடுக்கிறவன் முகவரியைக் கேட்டு நிறுத்தவில்லை என்றால் அந்த ஊரில் சம்பளம் இருக்கிறது என்று அர்த்தம்.

1990-களின் நடுவில் ஆலை நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. உலகமும் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது. 2014-இல் மத்திய அரசு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அதன் பிறகு கதவு சாத்த வேண்டியதுதான் மிச்சம். ஒரு சம்பளம் நின்றால் அந்த வீடு மட்டும் படுப்பதில்லை. சீருடை தேய்த்துக் கொடுத்தவர், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போண்டா போட்டவர், ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த டீச்சர் என்று வரிசையாகச் சரிந்தது. அப்பாவின் தலைமுறை ஆலைக்குப் போனது, என் தலைமுறை லாட்ஜுக்கும் ஆட்டோவுக்கும் போனது, தம்பியின் தலைமுறை இருட்டில் கேரட்டுக்குப் போகிறது. அப்பாவும் இருட்டில்தான் வேலை செய்தார். ஆனால் அந்த இருட்டுக்கு பி.எஃப் இருந்தது.

காந்தலில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யாராவது என்னை முறையாகக் கேட்டால் நான் மழை என்பேன். கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் நடுவே சகலத்தையும் சுமந்துகொண்டு போய் ஏரியில் விழுகிறது. படகு விடுகிறவர்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. குப்பைக் கிடங்கு இருக்கும் தீட்டுக்கல்லும் ஊரின் இந்தக் கோடிதான். 1866-இலேயே நகராட்சியான ஊர் இது. அத்தனை வருடமாக ஊர் கழித்துப்போடுவது எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால், எங்களுக்குக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவலாஞ்சி எங்களிடமிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டிலும் யாரும் படுக்கவில்லை. எங்களுக்கு அவ்வளவு மழையும் தேவையில்லை. இரண்டு மணி நேரம் விடாமல் அடித்தால் போதும், வாசல் சாக்கடைக்கும் எங்கள் சமையலறைக்கும் வித்தியாசம் போய்விடும். வருகிறது மழைத்தண்ணீர் மட்டுமாக இருந்தால் துடைத்துவிடலாம். அம்மா அரிசி டிரம்மை நிரந்தரமாகக் கட்டிலின் மேலேயே வைத்திருக்கிறார். கட்டிலில் படுத்துக்கொண்டிருந்த நான் இப்போது தரையில் படுக்கிறேன்.

மேலே ஒரு அறை எழுப்பிக்கொள்ளலாம்தானே என்று கீழே இருக்கும் உறவினர்கள் கேட்பார்கள். மலையில் கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது, அனுமதி வேண்டும், அனுமதிக்குப் பட்டா வேண்டும். எங்கள் தாத்தா இந்த இடத்தை வாங்கியதற்கு ஆதாரம் ஒரு பழுப்பு நிறக் கைச்சீட்டு. ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனேன். அந்த அதிகாரி நல்லவர்தான், நாற்காலி கொடுத்தார், தேநீர்கூட வந்தது. முகவரிப் பத்தியைப் பார்த்ததும் ஒரு நொடி நிறுத்தினார். அங்கே ஃபிங்கர்போஸ்ட் என்று எழுத முடியாது, ஆதாரில் காந்தல் என்று இருக்கிறது.

கோடையில் இதற்கு நேர்மாறு. ஊட்டிக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ்வேலி அணையில் மட்டம் இறங்கினால், எங்கள் குழாயில் தண்ணீர் வருவதற்கு இடையிலான நாள் கணக்குக் கூடிவிடும். அதே வாரம் லாட்ஜில் ஒரு விருந்தினர், வெந்நீர் காலை பத்து மணிக்கு மேல் வரவில்லை என்று என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார். வீட்டில் நான்கு நாளாகக் குழாயே வரவில்லை என்று அவரிடம் சொல்லவா முடியும்? மன்னிப்புக் கேட்டேன், அதற்குத்தான் சம்பளம். இப்போது இ-பாஸ் வந்திருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம். 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது. சாலை கொஞ்சம் மூச்சுவிடுகிறது என்று ஒரு கண்ணால் மகிழ்ந்தேன். காலி அறைகளை எண்ணும் கண் இன்னொன்று. அதைப் பற்றி லாட்ஜில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று இரண்டு பேச்சு வைத்திருக்கிறேன்.

இரண்டு மூன்று வருடமாக டவுனில் சிலர் என்னிடம், "உங்கள் பக்கம் இப்போது பரவாயில்லை போலிருக்கிறதே, தெருவெல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள். உண்மைதான், முன்பு சந்துக்குச் சந்து உடைந்த கண்ணாடியாகக் கிடக்கும், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விட முடியாது. இப்போது இல்லை. 2022 மே மாதம் நீலகிரியில் மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் முறை வந்தது. குடிப்பவர்களுக்குப் பத்து ரூபாய் பெரிதில்லை, போட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி விடிகாலையில் சாக்குப்பையோடு கிளம்பிவிடுவார். எந்தச் சந்தில் எத்தனை தேறும் என்று அவருக்குக் கணக்கு உண்டு. மருந்து மாத்திரைச் செலவு அதில் போகிறது. "ஒருவனும் திருந்தவில்லை, ஒரு பாட்டிலும் குறையவில்லை, எனக்கு முன்னால் எழுந்திருக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்" என்பார். சுத்தத்தைப் பாராட்டுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. கிடைக்கும் பாராட்டை ஏன் கெடுப்பானேன்.

ஒரு முறை கல்லூரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஆய்வுக்காக என்று தாள்களோடு வந்தார்கள். "உங்கள் பகுதியின் மூன்று முக்கியப் பிரச்சினைகள் என்ன?" என்பது கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "முதலில் என் மாமியார், இரண்டாவது என் முழங்கால், மூன்றாவது தண்ணீர்" என்றார். அந்தப் பெண் மூன்றாவதை மட்டும் எழுதிக்கொண்டாள். எனக்கு முதல் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தெருவில் தமிழும் கன்னடமும் மலையாளமும் உருதுவும் படுகர் பேச்சும் ஒரே குழாயடியில் சண்டை போடும். காசி விஸ்வநாதர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் குருசடி மணியும் ஒரே காலையில் காதில் விழும். முனை பேக்கரியில் வர்க்கி வேகும் வாசனை இந்த மூன்றையும்விடச் சீக்கிரம் எழுப்பிவிடும். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேக்கரிக்காரர் அந்தச் செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார், விலையையும் ஏற்றிவிட்டார்.

அந்தத் தஞ்சாவூர்க் குடும்பம் குருசடிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பியது. பாட்டி எழுந்திருக்கவே இல்லையாம், ஜெபம் நீண்டுவிட்டது. மருமகன் கையில் வர்க்கிப் பொட்டலம். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் ஷிப்ட் முடித்தபோது மணி பத்தாகிவிட்டது, மினி பஸ் போய்விட்டது. ஆட்டோ நிறுத்தத்தில் ஒரே ஒரு வண்டி. ஏன் என்று தெரியவில்லை, வாய் அதுவாகவே, "காந்தல், முக்கோணம் தாண்டி" என்றது.

ஓட்டுநர் ஒரு நொடி நிறுத்தினார். "இந்த நேரத்தில் காந்தலா? ஐம்பது ரூபாய் கூட ஆகும் அக்கா. திரும்பி வர சவாரி கிடைக்காது. ஏரியா வேறு."

குளிரில் பேரம் பேசத் தெம்பில்லை, ஏறிக்கொண்டேன். முக்கோணம் வந்தது, எங்கள் தெரு வந்தது. இறங்கிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் வண்டியைத் திருப்பாமல் எங்கள் தெருவுக்குள்ளேயே இன்னும் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டுபோய், நான்கு வீடு தள்ளி ஓரமாக நிறுத்தி, தார்ப்பாயை எடுத்து மூட ஆரம்பித்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நடந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, உங்கள் வீடு?"

"இதுதான் அக்கா. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற வீடு. போன மாதம்தான் வாடகைக்கு வந்தோம்."

"அப்படியென்றால் திரும்பி வர சவாரி எதற்கு? ஐம்பது ரூபாய் எதற்கு?"

தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். முகத்தில் வெட்கம் இருந்தது, ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

"காந்தல் என்று சொன்னால் எல்லாரும் கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் அக்கா. நீங்கள் இந்தத் தெரு என்று எனக்கு எப்படித் தெரியும்? டவுனில் உங்களை நாலைந்து முறை ஏற்றியிருக்கிறேன், ஃபிங்கர்போஸ்டில்தானே இறங்குவீர்கள்?"